மறு தேதி பின்னர் அறிவிக்கப்படும்

நான்கே சொற்கள். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை மதியம், கரண்ட் போய், போனில் 18 சதவீதம் சார்ஜ் மிச்சமிருந்த நேரத்தில் எங்கள் நகர் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவசரமாக அடித்துப் போட்டேன்: "புயல் காரணமாக நாளை நடைபெறவிருந்த ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. மறு தேதி பின்னர் அறிவிக்கப்படும்." ஐந்து நிமிடத்துக்குள் முப்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். செயலாளர் வேலை முடிந்தது என்று போனைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் பழைய வேட்டியைச் சுருட்டிச் செருகப் போய்விட்டேன். அந்தச் செய்தியின் கடைசி வாக்கியம் அதற்குப் பிறகு என்னை விடவே இல்லை. கூட்டத்தைத் தள்ளிவைத்தது சரிதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. தேதி சொல்லாமல் தள்ளிவைத்தேனே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று பல மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் நகர் தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றை ஒட்டி இருக்கிறது. ஒன்பது தெரு, 140 வீடு. 2015 டிசம்பர் வெள்ளம் என்றதும் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியையும் அங்கே திறந்துவிட்ட 29,000 கனஅடியையும்தான் பேசுவார்கள். எங்கள் வீடுகளுக்குள் வந்தது அந்தத் தண்ணீர் இல்லை. செம்பரம்பாக்கத்து உபரி நீர் ஆற்றில் சேர்கிற இடம் எங்களுக்குக் கீழே இருக்கிறது. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வந்த தண்ணீர். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தபோது அந்த ஏரிகள் வேறு என்ன செய்யும்? அப்புறம் ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடு கால்வாய்கள் வந்தன. 2015 மாதிரி ஆற்று வெள்ளம் திரும்ப வரவில்லை. ஆனால் நகருக்குள் பெய்கிற மழையே போக வழியில்லாமல் நிற்பது மட்டும் மாறவில்லை. முதல் ஏழு தெருத் தண்ணீரும் கடைசி இரண்டு தெருவுக்கு இறங்கும். அங்கே சிறுபாலம் தெருவைவிட உயரத்தில் இருப்பதால் அதற்கு மேல் நகராது.

ஆகவே மழை நின்றதும் டீசல் மோட்டார் வாடகைக்கு வரும். இரவு பகலாக ஓடும். வாடகையையும் டீசல் செலவையும் கடைசி இரண்டு தெருவின் 31 வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். இந்தச் செலவைச் சங்கத்தின் பொது நிதியிலிருந்து, அதாவது 140 வீடும் சேர்ந்து ஏற்க வேண்டும் என்பதுதான் அந்தக் கூட்டத்தின் ஏழாவது தீர்மானம். ஏழு தெருத் தண்ணீரும்தானே அங்கே போய் நிற்கிறது? நியாயம் எந்தப் பக்கம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால் செயலாளர் நினைத்தால் போதாது, பொதுக்குழுவில் பெரும்பான்மை கை தூக்க வேண்டும்.

ஐப்பசியில் ஏன் கூட்டம்?

வெளியூர் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அடைமழைக் காலத்துலயா பொதுக்குழு வைப்பீங்க?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் பெய்துவிடுகிறது. யாரும் திட்டமிட்டு அங்கே கூட்டம் வைப்பதில்லை, அதுவாகச் சறுக்கிக்கொண்டே போய் அங்கே நிற்கிறது. மார்ச் 31 கணக்கு முடிகிறது. ஏப்ரல், மே பள்ளி விடுமுறை, பாதி வீடு பூட்டியிருக்கும். ஜூனில் பள்ளிச் செலவு, சந்தா வசூலே ஆகாது. தணிக்கையாளரிடமிருந்து கணக்கு திரும்பி வர ஜூலை. ஆடியில் அம்மன் கோயில் கூழ், ஆவணியில் ஞாயிறு தவறாமல் ஒரு கல்யாணம். எங்கள் துணைவிதிப்படி 21 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் அக்டோபர்தான் மிஞ்சும். நமக்கு ஒழிகிற நேரம் மேகத்துக்கும் ஒழிந்திருக்கிறது.

முதலில் குறித்த தேதி அக்டோபர் 20, ஞாயிறு. அந்த வாரம் நடந்தது சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். 15ஆம் தேதி நல்ல மழை, 16ஆம் தேதிக்கு ரெட் அலர்ட், பள்ளிகளுக்கு விடுமுறை, வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள். எங்கள் நகரிலும் கார்களை மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம், சின்டெக்ஸ் தொட்டிகளை நிரப்பினோம், கடைசித் தெரு வீடுகளில் பிரிட்ஜை மேசை மேல் ஏற்றினோம். 15ஆம் தேதி இரவே கூட்டத்தையும் தள்ளிவைத்தோம். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி காலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்து போய்விட்டது. 20ஆம் தேதி எங்கள் பக்கம் கூட்டம் நடத்த ஒரு தடையும் இல்லை. "நோட்டீஸ் அடிச்ச காசு போச்சு, பந்தல் அட்வான்ஸ் போச்சு" என்று பொருளாளர் சொன்னதில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. தீபாவளி முடியட்டும் என்று டிசம்பர் 1 குறித்தோம்.

இந்த முதல் ஒத்திவைப்பு இரண்டாவதற்கு எவ்வளவு இடைஞ்சல் செய்தது என்பது நவம்பர் கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. அந்தப் புயலும் நேர்வழியில் வந்த புயல் இல்லை. 27ஆம் தேதியே புயலாகும் என்றார்கள், ஆகவில்லை. வலுவிழக்கலாம் என்ற பேச்சு வந்தது. 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் பெங்கல் என்று பெயரே வைத்தார்கள். வெள்ளி இரவு நிர்வாகக் குழுவில் ஏழு பேரும் போனில் பேசினோம். "போன தடவை மாதிரி அவசரப்பட வேண்டாம், காலையில பார்த்துக்கலாம்" என்று நான்கு பேர் சொன்னார்கள். நானும் அந்த நான்கில் ஒருவன். ஒரு தடவை வெயிலடித்த நாளில் கூட்டத்தை நிறுத்திவிட்டால், அடுத்த தடவை மழை கதவைத் தட்டினாலும் நிறுத்தத் தயக்கம் வந்துவிடுகிறது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் தெருவில் முருங்கை மரம் ஒயர் மேல் சாய்ந்தது. மதியம் சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அப்புறம்தான் அந்த நான்கு சொற்களை அடித்தேன்.

நாங்கள் கூடுகிற இடம் பிள்ளையார் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகை. வருபவர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள், இரண்டு பேர் கைத்தடியோடு வருவார்கள். அன்றைக்குச் சென்னையில் மின்சாரம் தாக்கி இறந்தவர்களும் உண்டு. மழைத் தண்ணீரில் கால் வைத்து வந்து கை தூக்குங்கள் என்று யாரையும் கூப்பிட முடியாது. அன்றிரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த புயல், நகராமல் அங்கேயே நின்று புதுச்சேரியிலும் மயிலத்திலும் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. மறுநாள் திருவண்ணாமலையில் மண்சரிவில் ஏழு பேர் இறந்துபோனார்கள். அதையெல்லாம் பார்த்த பிறகு, எங்கள் கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கே கூச்சமாக இருந்தது.

காலண்டர் தாள்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை இருக்கும். தூறல் மட்டும் மிச்சமிருந்தது. வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். கடைசித் தெருவில் தனியாக இருக்கும் ஒரு அம்மா, எழுபது வயதிருக்கும். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார், கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சேறு கோடு போட்டிருந்தது. தலையில் துண்டு, கையில் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பை. கொட்டகைக்குப் போயிருக்கிறார், அங்கே யாரும் இல்லை, அதனால் இங்கே வந்திருக்கிறார். அவரிடம் இருப்பது பட்டன் போன். வாட்ஸ்அப்பில் போட்டால் போதும் என்று எப்போதிலிருந்து நினைக்க ஆரம்பித்தோம் என்று தெரியவில்லை. முன்பெல்லாம் வாட்ச்மேன் சுற்றறிக்கை நோட்டோடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவார்.

உள்ளே வரச் சொன்னேன், சேறு என்று சொல்லி வராந்தாவிலேயே நின்றார். "கூட்டம் தள்ளி வச்சுட்டோம்மா, மழையில யாரும் வர முடியாதுன்னு" என்றேன். "ஆமாம் சார், அது சரிதான்" என்றார். உண்மையாகவே சரி என்றுதான் சொன்னார், குற்றம் சாட்டுகிற குரலில்லை. பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்னக் கட்டை எடுத்தார். தினக் காலண்டரில் கிழித்த தாள்கள். சிவப்பு எழுத்தில் தேதி, அடியில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் நீல மையில் இரண்டு மூன்று வரி. 2021 நவம்பர், 2023 டிசம்பர், நேற்றையது. தண்ணீர் உள்ளே வந்த அன்றைய தாளையே கிழித்து அதிலேயே எழுதி வைத்திருக்கிறார். மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர் 4ஆம் தேதித் தாளைக் காட்டினார்: "தண்ணி 3ம் படி. மோட்டார் ராத்திரி 9 முதல் விடிய 4. என் பங்கு 650." நேற்றைய தாளில் "2ம் படி" என்று மட்டும் இருந்தது. கூட்டத்தில் எழுந்து பேச வேண்டும் என்று தயார் செய்துகொண்டு வந்திருந்தார். பதினொரு வருடத்தில் அவர் எந்தக் கூட்டத்திலும் பேசி நான் பார்த்ததில்லை.

"எந்த ஞாயித்துக்கிழமைன்னு சொல்லுங்க சார், காலண்டர்ல மடிச்சு வச்சுக்கறேன்" என்றார்.

என்னிடம் தேதி இல்லை. "பாத்துட்டுச் சொல்றோம்மா, மழையெல்லாம் விடட்டும்" என்றேன். அவர் தாள்களை மறுபடி ரப்பர் பேண்டில் சுற்றிக்கொண்டே, "தண்ணி வடிஞ்சிட்டா யாரும் வர மாட்டாங்க சார்" என்றார். அவ்வளவுதான். காபி குடித்துவிட்டுப் போங்கள் என்று என் மனைவி கூப்பிட்டாள், மோட்டார்காரன் வந்திருப்பான் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த ஒரு வாக்கியத்தை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. ஜனவரியில்தான் அது முழுதாக உறைத்தது. டிசம்பர் முழுக்க ஏதோ ஒன்று வந்துகொண்டே இருந்தது. இன்னொரு தாழ்வு மண்டலம், அரையாண்டுத் தேர்வு, தலைவர் சபரிமலைக்கு மாலை போட்டது, பொங்கல். கடைசியில் 2025 ஜனவரி 26, குடியரசு தினம், அது ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்ததால் கொடியேற்றியதும் அப்படியே கூட்டம் என்று முடிவு செய்தோம். சுளீரென்று வெயில். 140 வீட்டிலிருந்து வந்தவர்கள் 26 பேர். கூட்டம் தொடங்க வேண்டிய குறைவெண், அதாவது கோரம், 35. துணைவிதிப்படி அரை மணி நேரம் காத்திருந்து இருப்பவர்களை வைத்தே ஆரம்பித்தோம். கணக்கு, பூங்கா விளக்கு, தெருநாய், சிசிடிவி என்று போய், ஏழாவது தீர்மானம் வந்தபோது மணி பன்னிரண்டே கால். சமோசா முடிந்திருந்தது, பின்வரிசையில் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அம்மா மூன்றாவது வரிசையில் அதே பிளாஸ்டிக் பையோடு இருந்தார். நான் தீர்மானத்தைப் படித்தேன். முதல் தெருக்காரர் ஒருவர், நல்ல மனிதர்தான், 2015இல் படகில் போய் ஆட்களைத் தூக்கி வந்தவர், "இப்போ தண்ணியே இல்லையே, அடுத்த கூட்டத்துல நிதானமாப் பேசலாமே" என்றார். பல தலைகள் ஆடின. அந்த அம்மா பையைத் திறந்தார், அப்புறம் மூடிவிட்டார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

கெடு இல்லாத ஒத்தி

என் சொந்த ஊர் மதுரைப் பக்கம். அங்கே வீட்டை ஒத்திக்கு விடுவார்கள். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுப்பது, கெடு முடிந்ததும் தொகையைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்பது. இத்தனை வருடம் என்று பத்திரத்தில் இருக்கும். கெடு எழுதாத ஒத்திக்கு எங்கள் அப்பா ஒருநாளும் சம்மதிக்க மாட்டார், அப்புறம் அது யார் வீடு என்று கேட்பார். 'ஒத்திவைப்பு' என்று எழுதும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த ஒத்திதான் ஞாபகம் வருகிறது. சட்டமன்றத்தைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்கள் என்று பேப்பரில் படித்தால் கூட்டத்தொடர் முடிந்துவிட்டது என்றுதான் நமக்குப் புரிகிறது. ஒரு நலச்சங்கம் அதே வார்த்தையை எழுதினால் மட்டும் எப்படி வேறு அர்த்தம் வரும்? நான் கூட்டத்தைத் தள்ளிவைத்ததாக நினைத்தேன், உண்மையில் முடித்து வைத்திருக்கிறேன்.

2024 நவம்பர் 1ஆம் தேதி கிராம சபைக் கூட்டங்கள் தீபாவளியை ஒட்டி நவம்பர் 23க்கு மாற்றப்பட்டன. மாற்றும்போதே அந்தத் தேதி வந்துவிட்டது. அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தேதி இருந்தால் கேட்க ஒரு ஆள் இருப்பார், "23ன்னு சொன்னீங்களே" என்று. தேதி இல்லாவிட்டால் கேட்கிறவர்தான் நச்சரிக்கிறவர் ஆகிவிடுகிறார். அந்த அம்மா அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை, வழியில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா சார்" என்பதோடு சரி.

இன்னொன்றையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மழைக்காகக் கூட்டத்தைத் தள்ளும்போது நாளை மட்டும் தள்ளுவதாக நினைக்கிறோம். கூடவே ஆட்களின் மனசும் தள்ளிப்போகிறது. டிசம்பர் 1ஆம் தேதி காலை கடைசித் தெருவில் தண்ணீர் இரண்டாவது படியில் நின்றபோது, முதல் தெருக்காரர்கள் பத்துப் பேர் அங்கே வந்து நின்று பார்த்தார்கள். பிஸ்கட் பாக்கெட், பால், மெழுகுவர்த்தி கொண்டு வந்து கொடுத்தார்கள். அந்த இடத்திலேயே, "இந்த மோட்டார் செலவை எல்லோரும் பங்கு போட்டுக்கலாமா?" என்று கேட்டிருந்தால் ஒரு கைகூடக் கீழே இருந்திருக்காது. அதே ஆட்கள், அதே நல்ல மனசு, எட்டு வாரம் கழித்து வெயிலில், "தண்ணியே இல்லையே" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஈரம் காய்ந்தால் மறக்கிற சுபாவம் எனக்கும் இருக்கிறது. 2015இல் எங்கள் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அழிக்கக்கூடாது என்று சொன்னவன் நான், 2019இல் பெயிண்ட் அடிக்கும்போது அதன் மேலேயே அடித்தோம்.

இந்த வருடம் நிர்வாகக் குழுவில் இதை விடாமல் பேசினேன். கணக்கையும் தேர்தலையும் ஜூலையில் முடித்துவிடுவது, தண்ணீருக்கென்று தனியாகச் செப்டம்பரில் ஒரு சிறப்புக் கூட்டம், அதில் ஒரே ஒரு தீர்மானம். செப்டம்பரிலும் இடிமழை வரும், ஆனால் பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல்தான், அதனால் காலை 10 மணி. இதுவரை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சண்டை வந்தது மூன்றாவது யோசனைக்கு. தெருவில் தண்ணீர் நின்றால், அது வடிந்த மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, நோட்டீஸ் இல்லாமல், பந்தல் இல்லாமல், கடைசித் தெருவில் எல்லோரும் கூட வேண்டும் என்றேன். 21 நாள் நோட்டீஸ் இல்லாமல் எடுக்கும் முடிவு செல்லாது என்றார் தலைவர், அவர் சொல்வது விதிப்படி சரி. முடிவு எடுக்க வேண்டாம், நின்று பார்த்துவிட்டு, என்ன பார்த்தோம் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம், பொதுக்குழுவில் அந்த நோட்டைப் படிப்போம் என்றேன். இரண்டு வாரம் இழுத்தது. கடைசியில் "சரி, போடுங்க" என்றார்.

போன வாரம் நோட்டீஸ் அடித்து வந்தது. வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, பழைய சுற்றறிக்கை நோட்டைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு நானும் வாட்ச்மேனும் வீடு வீடாகப் போனோம். ஒன்பது தெருவுக்கு இரண்டு சாயங்காலம் ஆனது. கடைசித் தெருவில் அந்த அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாய்விட்டு மெதுவாகப் படித்தார்: "செப்டம்பர் 14, ஞாயிறு காலை 10 மணி. மழையால் நடத்த முடியாவிட்டால் செப்டம்பர் 21, ஞாயிறு, அதே நேரம், அதே இடம்." நோட்டில் கையெழுத்துப் போட்டார். உள்ளே போய்ச் சுவர்க் காலண்டரின் தாள்களைக் கொத்தாகத் தூக்கி 14ஐத் தேடி ஓரத்தை மடித்தார். அப்புறம் இன்னும் ஏழு தாள் தள்ளி, 21ஐயும் மடித்தார்.